கரி படிந்த சிற்றடுப்பு

1.

ஒரு பெயர்ப்பலகையின் மேல் வந்த கோபத்தில் எழுதத் தொடங்கிய கதை இது. ஒசாகாவில் என் வீட்டிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு சின்ன அருங்காட்சியகம். கண்ணாடிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு மண் அடுப்பு. ஆயிரத்து ஐந்நூறு வருடப் பழைய கல்லறையில் கிடைத்தது. 'அடுப்போடு புதைப்பது கடல் கடந்து வந்தவர்களின் வழக்கம். எனவே இந்தப் பெண் கொரியாவின் பேக்ஜே நாட்டிலிருந்து குடியேறியவர்.'

அந்த 'எனவே'யை நான் நம்பவில்லை.

2.

கப்பலிலிருந்து இறங்கியபோது தல்சு—

வேண்டாம். கப்பலில் தொடங்கினால் எல்லோரும் அழகாக அழுவார்கள்.

மறுபடி: சயோ இறந்த அன்று தல்சு குதிரைகளுக்கு மூன்று தடவை தண்ணீர் காட்டினான். முதல் தடவையே அவை குடித்துவிட்டிருந்தன.

(இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

தல்சு பேக்ஜேக்காரன். குதிரை வளர்க்க வந்தவன். அவன் மனைவி சயோ இந்த மண்ணில் பிறந்தவள். தரையில் தோண்டிய குழியடுப்பில் சமைத்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு, தீயை உள்ளே மூடிச் சுவரோடு கட்டிய அவன் ஊர் அடுப்பைப் பழகிக்கொண்டாள்.

3.

மறுநாள் சயோவின் அண்ணன் இவாதே நாலு ஆட்களோடும் குடைந்த மரப்பெட்டியோடும் வந்தான்.

"மாப்ளே, தங்கச்சிய எடுத்துட்டுப் போறோம். எங்க மலையில குழி வெட்டியாச்சு."

"அவ இங்கதான் இருப்பா மச்சான். கல்லறை தயாரா இருக்கு."

இவாதே திரும்பிப் பார்த்தான். சரிவில் ஒரு கல்லறை. பக்கவாட்டில் வாசல், அதை அடைக்க ஒரு கல்.

"செத்தவளுக்கு எதுக்கு மாப்ளே வாசல்? சந்தைக்குப் போயிட்டு வருவாளா?"

ஆட்கள் சிரித்தார்கள்.

"அவளுக்கில்ல. எனக்கு."

சிரிப்பு நின்றது.

இவாதேயின் மக்கள் குழியை ஒரே தடவைதான் மூடுவார்கள். தல்சுவின் மக்கள் கல்லை நகர்த்தி, அடுத்தவரையும் உள்ளே கிடத்துவார்கள். அண்ணன் கொண்டுபோய்விட்டால் தல்சுவுக்கு அவள் பக்கத்தில் இடமில்லை. கதை இவ்வளவுதான்.

4.

இவாதேயை முதலில் கெட்டவனாக ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அவனும் அவளைத்தான் இழந்திருந்தான்.

"கையில என்ன, பொம்மையா?"

"அடுப்பு. அங்க போயி சமைக்க. எங்க வழக்கம்."

"உங்க அடுப்புல தீயோட மூஞ்சியே தெரியல அண்ணேன்னு என்கிட்ட வந்து அழுதவ அவ. உனக்குத் தெரியுமா?"

தல்சுவுக்குத் தெரியாது. ஆறு வருடம் அந்த அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டவன் அவன்.

[இங்கே அவன் ஏதாவது பேச வேண்டும். நாலு மாதமாக யோசிக்கிறேன். அவன் இவாதேயிடம்]

5.

முடிவு ஒன்று: அடுப்பைத் தரையில் அடித்து உடைத்துவிட்டு அவளைக் கொடுத்துவிடுகிறான். நடந்திருக்காது. அடுப்பு விரிசலில்லாமல் கண்ணாடிக்குள் இருக்கிறது.

முடிவு இரண்டு: இவாதே தலைகுனிந்து திரும்பிப் போகிறான். நடந்திருக்கலாம். எனக்கு எழுத வரவில்லை.

போன வாரம் மறுபடி போய்க் குனிந்து பார்த்தேன். அடுப்பின் வாய்க்குள் கரி. கல்லறைக்கென்று செய்ததை யாரோ ஒரு தடவை பற்றவைத்திருக்கிறார்கள், அவள் தீயின் முகத்தைப் பார்க்கட்டும் என்று. தல்சுவாக இருக்கலாம். இவாதேயாகவும் இருக்கலாம்.

பலகையில் கடைசியாக இன்னொரு வரி இருந்தது. முதல் தடவை நான் அதைப் படிக்கவில்லை. 'இருவருக்கான இடம். கிடைத்தது ஓர் எலும்புக்கூடு மட்டும்.'

அந்தக் கல் மறுபடி நகரவே இல்லை. ஏன் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். எனக்குத் தோன்றும் காரணங்கள் எதுவும் தல்சுவுடையவை அல்ல.