எப்போலேர்ந்து

வணிக வளாகத்தின் வாசலில் நின்று, உள்ளே வருகிற பெண்களின் கைப்பைகளைத் திறந்து பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. வருஷக்கணக்காக அடுத்தவர் பைக்குள் கைவிட்டுப் பார்த்ததில், சந்தேகப்படுவது அவளுக்கு மூச்சுவிடுவது போல ஆகிவிட்டது. சிரித்துக்கொண்டே வருகிறவளை இரண்டு தடவை சோதிப்பாள். அப்படிப்பட்டவளிடம் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் போனில் தேனொழுகப் பேசினார். சும்மா ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் மேடம், ஒன்றும் பயப்படாதீர்கள் என்றார். பயப்படாதே என்று யாராவது சும்மா சொல்வார்களா?

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு ஒரு வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் மறுநாள் எழுந்து உட்கார முடியும். அந்தச் செலவை இதுவரை கம்பெனிதான் கட்டிவந்தது. இப்போது திடீரென்று விசாரணை என்கிறார்கள். பாலிசி எடுத்தது கல்யாணத்துக்கு அப்புறம், மூன்று வருஷத்துக்கு முன்னால். அப்போதே நோய் இருந்து அதை மறைத்திருந்தால் பாலிசி ரத்து. பாலிசி போனால் டயாலிசிஸ் போச்சு, டயாலிசிஸ் போனால் அவனே போச்சு.

யார் போட்டுக் கொடுத்தது என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. மாடி வீட்டு அம்மாள் மேல் ஒரு கண். படிக்கட்டில் நிறுத்தி நிறுத்தி, "அவருக்கு எத்தனை நாளா இப்படி?" என்று விசாரித்தவள் ஆயிற்றே. புருஷனோடு வேலை பார்க்கும் தடியன் மேல் இன்னொரு கண். அவனுடைய பாலிசியைக் கம்பெனி நிராகரித்ததிலிருந்து இவர்களைக் கண்டால் அவனுக்கு முகம் கோணிக்கொள்ளும். இரண்டு பேரிடமும் அவள் பேச்சை நிறுத்தினாள். பாவம் அந்த அம்மாள், என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமலே முழித்தாள்.

"பொய் சொன்னவங்கதானே பயப்படணும்? நமக்கென்ன?" என்று புருஷனுக்கு அவளே தைரியமும் சொன்னாள். அவன் வாட்சைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், வாயை விடக் கூடாது என்று அவனுக்குப் பாடம் வேறு நடத்தினாள். அவனா வாயை விடுகிற ஆள்?

போனில் பேசியவர்தான் வந்தார். கண்ணாடி அத்தனை தடிமன். பார்த்த மாத்திரத்தில் சோடாபுட்டி என்று மனசுக்குள் பெயர் வைத்துவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் பொல்லாதவர். மருந்து அலமாரியைப் பார்த்தார், செருப்புகளைப் பார்த்தார், சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவுக்கு முன்னால் நின்றேவிட்டார். இதிலே சாருக்கு முகம் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கிறதே என்றார்.

"மாப்பிள்ளைக் களை சார் அது" என்று அவள் முந்திக்கொண்டாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் அவள் நம்பவில்லை.

வெயிலில் வந்த மனிதருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இருக்க முடியுமா? பெரிய டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். புருஷனுக்கும் மாத்திரை நேரம் என்பதால் அவனுடைய குட்டி டம்ளரையும் கையோடு எடுத்துவந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் எவர்சில்வர் டம்ளர், விளிம்பெல்லாம் நெளிந்து, அடி தேய்ந்து போயிருந்தது. சோடாபுட்டி அதையே பார்த்தார்.

"சாருக்குன்னு தனி டம்ளர் போல. எப்போலேர்ந்து மேடம்?"

அவளுக்கு வாய் ஓயாத கதை அது. கல்யாணமான புதிதில், எனக்குத் தாகமே எடுக்காது, ஒரு வாய் போதும் என்பான். கோழி மாதிரிக் குடிக்கிறீர்களே என்று கேலி செய்து, பாத்திரக் கடையில் அவளே தேடி வாங்கிய டம்ளர். போன வருஷம் டாக்டர் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்றபோது, நல்ல வேளை, இவருக்கு ஏற்கெனவே பழக்கம் என்று நிம்மதிகூடப் பட்டாள்.

"இதுவா சார், கல்யாணமான..." என்று ஆரம்பித்தவள், தற்செயலாகப் புருஷனைப் பார்த்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். பையின் கடைசி ஜிப்பில் அவள் கை வைக்கும்போது சிலருக்கு அந்த முகம்தான் வரும்.

"கல்யாணமான புதுசுல வாங்கினது சார்" என்றாள். "சும்மாதான் கெடந்துச்சு. போன வருஷம் தண்ணியை அளந்து குடிக்கச் சொன்னாங்கல்ல, அப்பத்தான் தேடி எடுத்தேன்."

குரல் பிசிறு தட்டவில்லை. இத்தனை சுலபமாகப் பொய் வரும் என்று அவளுக்கே தெரியாது. சோடாபுட்டி கண்ணாடி வழியாக அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிக் கிளம்பிப் போனார்.

கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவள் திரும்பினாள்.

"எப்போலேர்ந்து?"

அவன் மழுப்பவில்லை. கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாலேயே முகமும் காலும் வீங்கியதாம். சிறுநீரகக் கோளாறு, உப்பையும் தண்ணீரையும் குறை என்று டாக்டர் அப்போதே சொன்னாராம்.

"உண்மையைச் சொன்ன ரெண்டு எடத்துலயும் கதவைச் சாத்திட்டாங்கம்மா. ஒண்ணு, வேற ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. இன்னொண்ணு, உனக்கு முன்னாடி எனக்குப் பேசின பொண்ணு."

"நானும் சாத்தியிருப்பேனான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சு."

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோழி, கோழி என்று அவள் கேலி செய்தபோதெல்லாம் கூடவே சிரித்தானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பதில் தெரியவில்லை. அது இன்னும் வலித்தது.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. விசாரணை முடிந்தது, செலவைத் தொடர்ந்து கட்டுவோம் என்றார்கள். மெக்கானிக் கண் கலங்கிவிட்டான். அவள் மாடிக்குப் போய் அந்த அம்மாளிடம் தானாகவே பேச்சுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று டயாலிசிஸ் முடிந்து வந்தவன், கால் லேசாக வலிக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தான். அவள் கீழே உட்கார்ந்து அவன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எப்போதும்போல இதமாகத்தான் பிடித்துவிட்டாள்.

"எப்போலேர்ந்து?" என்றாள்.

"இன்னைக்குக் காலையிலேர்ந்துதான்" என்றான் அவன்.

அவள் பிடித்துவிடுவதை நிறுத்தவில்லை. நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.