படத்துக்குக் கீழே ஒரு சொல்

என் கணவர் இறந்த மூன்றாவது வாரம், அவர் வேலை பார்த்த லிஃப்ட் பட்டறையின் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். பட்டறையில் என்னவரைத் தவிர எல்லோரும் மேஸ்திரியின் தேசத்துக்காரர்கள். கூட வேலை பார்த்தவர் இறந்தால் படத்தைச் சுவரில் மாட்டி, கீழே அவர் குணத்தை ஒரே சொல்லில் எழுதுவது அவர்கள் வழக்கம். வீட்டார் கையெழுத்துப் போட்டால்தான் எழுதுவார்கள். மேஸ்திரி தாளை நீட்டினார். பதினொரு கையெழுத்து; மேலே நம் மொழியில் ஒரு சொல்: வாயாடி.

நாத்தனார் அதைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“எங்க அண்ணனா? ஏங்க, வீடு மாறி வந்துட்டீங்களா? இங்க நாங்க அஞ்சு பேரும் ஒரே நேரத்துல கத்துவோம். அண்ணன் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கும். நீங்களே சொல்லுங்க அண்ணி!”

“உம்முன்னுதான் இருப்பார்,” என்றேன். அதற்காக இருபத்திரண்டு வருடம் அவரைத் திட்டியிருக்கிறேன்.

மேஸ்திரி விழித்தார். “ரொம்பப் பேசுவாரு.” அப்புறம் அவரிடமிருந்து பேச்சே இல்லை. டீ ஆறி ஆடை கட்டியது.

“ஒரு நாளைக்கு எவ்வளவு பேசுவார்?” என்று கேட்டேன்.

விரல் விட்டு எண்ணினார். “காலையில வணக்கம். மழை வரும், வராது. சாப்பிடும்போது ஒரு கதை.”

“இம்புட்டுதானா? இதுக்கா வாயாடி?” நாத்தனார் சிரித்தாள்.

“நாங்க சாப்பிடும்போது பேச மாட்டோம்.”

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆள் ஒருவர்தான், அளக்கிற கோல்தான் வேறு. அத்தோடு விட்டிருக்கலாம்.

“என்ன கதை?”

“சின்ன வயசுல ஒரு வாரம் சர்க்கஸ்ல இருந்தது. யானையைக் குளிப்பாட்டுனது.”

நாத்தனாரின் சிரிப்பு நின்றது. “பத்து வயசுல அண்ணன் ஒரு வாரம் காணாமப் போச்சு அண்ணி. அப்பா பெல்ட்டால அடிச்சுக் கேட்டும் வாயத் திறக்கல.”

என்னிடம் காணாமல்போனதைக்கூடச் சொன்னதில்லை. பேனாவைத் திறந்தேன், மூடினேன். வாயாடி என்றால் என் வீட்டில் இருந்தவர் யார்? இல்லையென்றால் அந்தப் பதினொரு பேர் யாரைப் பறிகொடுத்தார்கள்?

கையெழுத்துப் போடாமலே தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

“நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு நான் பட்டறைக்கு வர்றேன். அவர் சொன்ன கதையெல்லாம் நீங்க எல்லாரும் எனக்குச் சொல்லணும். அப்புறம் போடுறேன்.”

மேஸ்திரி மிரண்டு எழுந்தார்.

“நாங்க... பேச மாட்டோமேம்மா,” என்றார்.