பார்த்தீதா

மாத்திரை டப்பாவின் மேல் ஃபுட்பால் என்று எழுதியிருந்தது. ரோஜா போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து இன்னொரு முறை பார்த்தாள். கொச்சி வைட்டிலாவில் இருக்கும் ஏஜென்சியிலிருந்து கமலாக்ஷி அனுப்பிய படம் அது. இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறவர்கள் அந்த ஊர் மருந்துப் பெயர்களைப் படித்துப் பழக வேண்டும் என்று தினமும் ஏதாவது அனுப்புவாள். கால்ச்சோ. மகள் ஸாதனா முதன்முதலாகக் கற்றுக்கொடுத்த சொல்லே அதுதான். கால்ச்சோ என்றால் கால்பந்து.

"ஏய் ஸாதனா, இங்க வா. கெழவங்களுக்கு எதுக்குடி ஃபுட்பால் மாத்திரை?"

பல் தேய்த்துக்கொண்டிருந்த ஸாதனா வாயில் நுரையோடு எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் புரியவில்லை. துப்பிவிட்டு வந்து போனில் தேடிய பிறகுதான் சிரித்தாள். "கால்சியத்துக்கும் அதே பேராம்மா. ரெண்டும் கால்ச்சோ."

"நல்ல பாஷை," என்றாள் ரோஜா.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரி பஜாருக்குச் சுக்கு, மிளகு மூட்டை தூக்க வந்தவர்கள். ரோஜா பிறந்தது இங்கேதான். பேசுவது தமிழ், படிப்பது மலையாளம் என்று எந்தச் சிரமமும் இல்லாமல் வளர்ந்துவிட்டாள். எறணாகுளத்து ஃப்ளாட்டுகளில் ஹோம் நர்ஸாகப் போனபோது ஹிந்தியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. இத்தாலியன் மட்டும் ஒட்டவில்லை. ஏஜென்சியின் ஆன்லைன் வகுப்பில் மேஜை ஆணா பெண்ணா, நாற்காலி ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். அவள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினாள். அப்போதுதான் ஸாதனா தன் போனைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். ஸாதனா கல்லூரி அணியில் கோல்கீப்பர். அவள் மேட்ச் பார்க்கும் ஓசி லிங்கில் வர்ணனை இத்தாலியனில்தான் வரும். பார்த்துப் பார்த்து அவளுக்கே பாதி பாஷை வந்திருந்தது. கப்பைக்கிழங்கை நறுக்கிக்கொண்டே ரோஜா பார்க்க ஆரம்பித்தாள். போர்த்தா என்றால் கதவு, கோல்போஸ்டும் அதுவே. ஆர்பித்ரோ என்றால் நடுவர். பார்த்தீதா என்றால் மேட்ச். அதைக் கேட்டபோது 'பாத்தியா' என்று யாரோ கேட்பதுபோல இருந்ததால் உடனே மனதில் நின்றுவிட்டது. ஒருவன் விழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு புரண்டால் முட்டிக்கு ஒரு சொல் கிடைத்தது. இன்னொருவன் நொண்டினால் கணுக்காலுக்கு ஒன்று. அடிபட்டவர்களின் புண்ணியத்தில் ஒரு உடம்பு முழுவதற்கும் பெயர் சேர்ந்தது. ஆனால் 'சாப்பிட்டீர்களா' என்று கேட்க அவளுக்கு இன்னும் தெரியாது. 'நடுவர் குருடர்' என்று தெளிவாகச் சொல்வாள்.

மகள் இவ்வளவு ஆர்வமாகச் சொல்லிக்கொடுப்பது எதற்கு என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. அம்மா போகட்டும் என்று நினைக்கிறாளா? தினமும் பக்கத்தில் உட்கார இது ஒரு சாக்கா? ஏலூரில் உரக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் கணவன் சுப்புராஜிடம் கேட்டால், "ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவான். போகச் சொல்கிறானா, போகாதே என்கிறானா என்று அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் யோசித்தாலும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோ கால் வந்தது. வெரோனா பக்கத்தில் ஒரு வீடு. பெரியவருக்கு எண்பது தாண்டியிருக்கும். அவருடைய மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரோஜா போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்து, நல்ல சேலை கட்டி, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஸாதனா படத்தில் விழாமல் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். பெயர், ஊர், வேலை எல்லாம் மனப்பாடம் செய்தபடி சொல்லியாயிற்று. பெரியவர் கேட்டதாகவே தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக ஏதோ சொன்னார். அதில் 'மோல்யே' அவளுக்குத் தெரியும், வகுப்பில் வந்தது, மனைவி. கடைசிச் சொல் பார்த்தீதா.

மனைவி, மேட்ச். ரோஜா ஃப்ரிட்ஜ் பக்கம் பார்த்தாள். ஸாதனா உதட்டைப் பிதுக்கினாள். மனைவி மேட்சுக்குப் போயிருக்கிறாளோ? அந்த ஊரில் கிழவிகளும் போவார்களாயிருக்கும். மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டும். மேட்ச் என்றால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அவளிடம் தயாராக இருந்தது.

"கி ஆ வின்தோ?" என்றாள். யார் ஜெயித்தது?

திரையில் அவருடைய மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியவர் ரோஜாவையே பார்த்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. இருமலா என்று நர்ஸாகத்தான் அவள் முதலில் பார்த்தாள். சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல் சொன்னார். "லேய்." மகள் அவசரமாக ஏதோ பேசி வீடியோ காலை முடித்துவிட்டாள்.

"லேய்னா நீங்கன்னுதானே?" என்றாள் ரோஜா.

"அதே. மரியாதையா சொல்றது."

"நானா ஜெயிச்சேன்? எதுல?"

அடுத்த நாள் காலையில் கமலாக்ஷி கூப்பிட்டாள். அவளுடைய மலையாளத்தில் கோபமா சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை. "ரோஜே, நீ அயாளோடு எந்தா பறஞ்ஞது? ஆ மோள் சோதிக்குந்நு." அவரிடம் அப்படி என்ன சொன்னாய் என்று அந்த மகள் கேட்கிறாளாம். பெரியவர் அதையே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாராம். சிரித்து முடித்ததும் சாப்பாடு வேண்டாம் என்று தள்ளிவிடுகிறாராம். ஆனால் இவள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாராம். "மனைவி போயதில் பின்னெ இப்படியாணு அயாள்," என்றாள்.

"போனதுன்னா? எறந்துட்டாங்களா, விட்டுட்டுப் போய்ட்டாங்களா சேச்சி?"

"அது எனிக்கும் அறிஞ்ஞூடா." கமலாக்ஷிக்கும் தெரியவில்லை.

ரோஜா சொன்னதைக் கேட்டுவிட்டு ஸாதனா போனில் தேடினாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"அம்மா, பார்த்தீதான்னா மேட்ச்தான். ஆனா கெளம்பிப் போனவள்னும் அர்த்தமாம். என் பொண்டாட்டி போய்ட்டா. அதான் அவரு சொன்னது."

ரோஜாவின் கை கப்பைக்கிழங்கின் மேல் அப்படியே நின்றது. மனைவி போய்விட்டாள் என்று ஒரு மனிதர் சொல்கிறார். யார் ஜெயித்தது என்று கேட்டிருக்கிறாள். உடம்பெல்லாம் கூசியது. கூச்சத்துக்கு நடுவில் இன்னொன்றும் தோன்றியது. அப்படிக் கேட்டவளைத்தானே அவர் வேண்டும் என்கிறார்?

"லேய்க்கும் ரெண்டு அர்த்தம் இருக்கு," என்றாள் ஸாதனா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்கன்னும் வரும். அவள்னும் வரும்."

"அப்போ யாரு ஜெயிச்சதுன்னு சொன்னாரு? நானா, அவளா?"

"தெரியாதும்மா. கேக்க ரெண்டும் ஒண்ணுதான்."

ரோஜா கத்தியைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டாள். "நான் போகட்டுமா, வேண்டாமாடி? நீ சொல்லு."

ஸாதனா எழுந்து கையுறைகளைப் பையில் திணித்தாள். "எனக்கு சாயங்காலம் பார்த்தீதா இருக்கு," என்றாள், பழக்கத்தில். சொன்ன பிறகு இருவருமே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸாதனா செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் படியிறங்கிவிட்டாள்.

சாயங்காலம் ரோஜா வேலைக்குப் போகவில்லை. மைதானத்துக்குப் போனாள். மகள் விளையாடி அவள் இதுவரை பார்த்ததே இல்லை; போன் திரையில் பார்த்ததைவிட எல்லோரும் உருவத்தில் பெரிதாகத் தெரிந்தார்கள், ஆட்டம் மெதுவாக இருந்தது. வர்ணனை சொல்ல யாரும் இல்லாததால் யார் பக்கம் என்ன நடக்கிறது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. யூனிஃபார்ம் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீலம். ஸாதனா மட்டும் மஞ்சளில், கம்பங்களுக்கு நடுவில் தனியாக நின்று கத்திக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒருநாளும் கேட்காத குரல். ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்து அப்படியே மண்ணில் விழுந்தபோது ரோஜாவின் வாயில் முட்டிக்கான இத்தாலியச் சொல்தான் வந்தது. ஸாதனா எழுந்தாள். முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தவள் கோட்டுக்கு வெளியே நின்ற அம்மாவைப் பார்த்துவிட்டாள். பார்த்துக்கொண்டே, எங்கே அடிக்கிறோம் என்று பாராமல், பந்தை ஓங்கி உதைத்தாள்.

பந்து எல்லோர் தலைக்கு மேலும் பறந்து, மதிலைத் தாண்டி, தோப்பும்படிப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு லாரியில், இஞ்சி மூட்டைகளுக்கு நடுவில் விழுந்தது. டிரைவருக்குத் தெரியவில்லை. பெண்கள் எல்லோரும் ஹோவென்று கத்திக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தவர் ஊதவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். ஸாதனாவும் ஓடினாள். அம்மாவைத் தாண்டும்போது மூச்சிரைக்க என்னவோ சொன்னாள். எந்த பாஷை என்றுகூட ரோஜாவுக்குப் பிடிபடவில்லை, போகச் சொன்னாளா வேண்டாம் என்றாளா என்பதும். மதிலுக்கு மேலே மூட்டைகளும் பந்தும் மட்டும் தெரிந்தன. வளைவு வரும்வரை பந்து மூட்டைகளின் மேல் சின்னதாக ஆடிக்கொண்டே போனது.