தஹானியின் பெட்டி திறக்கவில்லை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவே மாடிப்படி ஏறி வந்து என் கதவைத் தட்டியது.

"ஏ ஹிந்தி, நீ கதை எழுதுவியாமே," என்றாள் கீழ்வீட்டுத் தஹானி. "என் பெட்டியைப் பத்தி எழுது. என்னைப் பத்தி எழுதிடாத."

(அரபியில் இந்தியன் என்றால் ஹிந்தி. எகிப்தின் தும்யாத் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்து, இங்கேயே தலை நரைத்துப்போன தமிழனான என்னைத் தெரு முழுக்க இப்படித்தான் கூப்பிடுகிறது. ஆரம்பத்தில் வாதாடிப் பார்த்தேன். இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.)

பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுவதென்றால் இரண்டு வரியில் முடிந்துவிடும். பட்டறையில் கழித்துப்போட்ட துண்டுகளைப் பட்டை பட்டையாக அறுத்து, கறுப்பும் வெளுப்பும் மாறிமாறி வரும்படி ஒட்டி, இழைத்து, அரக்கு மெருகு ஏற்றினால் பெட்டி. அவ்வளவுதான். அந்தத் துண்டுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால்தான் வம்பு.

2

முதல் தொடக்கம்: "நைல் கடலைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால், மரத்தூள் மணக்கும் ஓர் ஊர்…"

இது படகில் வந்து படம் பிடித்துப் போகிறவனின் வாக்கியம். விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "அண்ணன் முஸாத் வால்நட் மரத்தைப் போலக் கறுத்து இறுகியவன். தம்பி ஷௌக்கி பீச் மரத்தைப் போல…"

இதை அரபியில் தஹானிக்குச் சொல்லிக் காட்டினேன். முட்டியைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "மரம் எங்க சண்டை போட்டுச்சு? மனுஷன்தானே போட்டான். மரத்தை ஏன் இழுக்குற?"

ஆகவே உவமை இல்லாமல் சொல்கிறேன். தஹானியின் அப்பா விட்டுப்போன மரப்பட்டறையை அண்ணனும் தம்பியும் நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் முஸாத், வால்நட்டில் சாப்பாட்டு மேசைகள் செய்கிறார். இந்தப் பக்கம் ஷௌக்கி, பீச் என்னும் வெளிறிய மரத்தில் கட்டில்கள். வருடக்கணக்காகப் பேச்சு இல்லை. கல்யாணமாகாத தஹானி இரண்டு பக்கமும் சாக்கோடு போய்த் துண்டுகளைப் பொறுக்கி வருவாள். பெட்டி செய்து கோடையில் ராஸ் எல்பர் கடற்கரையில் விற்பாள்.

"இது அவனுக்குப் போகாதுல்ல?" என்று இருவருமே கேட்பார்களாம்.

"அடுப்புக்குப் போகுதுண்ணே," என்பாள். "அடுப்புக்குப் போகுதுடா தம்பி," என்பாள்.

3

சண்டைக்குக் காரணம் வேண்டும் என்று மூன்று எழுதிப் பார்த்தேன். பெயர்ப்பலகை. ரம்ப இயந்திரம். முஸாதின் மனைவி.

[மூன்றையும் தஹானி அடித்துவிடச் சொன்னாள். "காரணம்னு ஒண்ணு இருந்திருந்தா நானே தீர்த்து வச்சிருக்க மாட்டேனா?"]

முஸாத் மீதுதான் எனக்குச் சந்தேகம். அவரை முரடராகவே எழுதி வந்தேன். ஆனால் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து பெட்டி செய்த காலத்தைத் தஹானி ஒருநாள் சொன்னாள். மதியம் அப்பா சாப்பிட்டுக் கண்ணசரும் நேரம், பட்டறைத் தரையில் உட்காருவார்களாம். முஸாத் அறுப்பான். ஷௌக்கி உப்புத்தாள் போடுவான். பசை தஹானியின் பொறுப்பு. ஒட்டிய துண்டுகளை இறுக்கிப் பிடிக்க அப்போது கிடுக்கி கிடையாது. ஆகவே பெட்டிமேல் தஹானியை உட்காரவைத்து, அவள் எழுந்துவிடாதபடி முஸாத் கதை சொல்லுவானாம். பசை காயும் வரைக்கும் நீளும் கதை. மழைநாளில் பசை காயாது. கதையும் முடியாது.

(இதைக் கேட்ட பிறகு முரடர் முஸாதைக் கிழித்துப் போட்டேன். என்னைவிட நல்ல கதைசொல்லியை அப்படி எழுத மனம் வரவில்லை.)

4

இனி நடந்தது.

தலையில் நரை கண்ட பிறகு தஹானிக்கு ஒரு வரன் வந்தது. ஆற்றுமுகத்தில் இருக்கும் எஸ்பத் எல்பூர்க் ஊர் மீனவர், மனைவியை இழந்த அபுல்மாத்தி. கடற்கரையில் பெட்டி வாங்க வந்தவர், வாங்காமலே நாலு கோடை வந்துகொண்டிருந்தவர்.

தஹானி இரண்டு பட்டறைக்கும் போய் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். "அண்ணன் என் சார்பா மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கணும். தம்பி சாட்சிக் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் வரலைன்னாலும் இந்தக் கல்யாணம் இல்லை."

"அவன் வந்தா நான் வரமாட்டேன்," என்றார்கள் இருவரும், அவரவர் பட்டறையில்.

"அப்ப நான் சாகுற வரைக்கும் உங்க வீட்டுலதான் சாப்பிடுவேன். பார்த்துக்கோ."

இருவரும் வந்தார்கள். கூடத்தின் இரண்டு மூலையில் உட்கார்ந்தார்கள். மிஷப்பக் இனிப்பு தட்டில் வந்தது. அதைக்கூட ஆளுக்கொரு தட்டில்தான் வைக்க வேண்டியிருந்தது. நிக்காஹ் எழுதுபவர் பேனாவைத் திறந்தார். மோதிரத்தை எடுக்கச் சொன்னார்கள்.

அது தஹானியின் பெட்டிக்குள் இருந்தது. வால்நட்டும் பீச்சும் மாறிமாறி ஒட்டிய பெட்டி. அடுப்புக்குப் போனதாகச் சொன்ன துண்டுகள். அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள்.

மூடி திறக்கவில்லை.

அபுல்மாத்தி இழுத்தார், திருகினார், காதருகே வைத்து ஆட்டினார். "மோதிரம் பத்திரமாத்தான் இருக்கு," என்றார். "வெளிய வரத்தான் மாட்டேங்குது."

முஸாத் எழுந்து வந்து பெட்டியை வாங்கினார். மூடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். சுவரைப் பார்த்துச் சொன்னார்: "பீச் மரம். கடக்காத்துல தண்ணி குடிச்சு உப்பியிருக்கு. காயாத மரத்தை வாங்கிப்போட்டா இப்படித்தான்."

"என் மரம் நல்லாத்தான் காஞ்சிருக்கு," என்றார் ஷௌக்கி, தன் மூலையிலிருந்தே. "வால்நட்டைக் கோணலா அறுத்தா மூடி பிடிக்காம என்ன செய்யும்?"

இத்தனை வருடத்தில் முதல் பேச்சு.

"யாருடா கோணலா அறுக்குறது? இங்க வந்து பாரு."

வந்து பார்த்தார். இரண்டு நரைத்த தலைகளும் பெட்டிமேல் குனிந்தன. முஸாத் மோந்தார், ஷௌக்கி நகத்தால் சுரண்டினார். பிறகு இருவரும் ஒன்றாக நிமிர்ந்து தஹானியைப் பார்த்தார்கள்.

"பசையை அள்ளி அப்பியிருக்கா," என்றார் முஸாத்.

"எப்பவுமே அப்படித்தானே," என்றார் ஷௌக்கி. "சொன்னா கேப்பாளா?"

தஹானி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பெண்கள் ஓடி வந்தார்கள். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுறாங்க," என்றாள் உள்ளேயிருந்து. "சும்மா இருங்க, நான் கொஞ்சம் கேட்டுக்கறேன்."

உளி கொண்டுவரவா என்று யாரோ கேட்டார்கள். அவள் துணியை விலக்கினாள். "வேண்டாம். மோதிரம் அங்கயே கிடக்கட்டும். நீங்க எழுதுங்க."

இந்த ஊர் நிக்காஹ் வழக்கப்படி வெள்ளைக் கைக்குட்டைக்கு அடியில் முஸாதின் கை, அபுல்மாத்தியின் கை. சாட்சிக் கையெழுத்து, ஷௌக்கி.

5

முடிவுகள்.

அ) சுவரை இடித்தார்கள். (எழுதிப் பார்த்தேன். தெருவில் ஒருவரும் நம்பவில்லை.)

ஆ) மறுநாளே மறுபடி பேச்சு நின்றது. (இதை எல்லோரும் நம்பினார்கள். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.)

இ) பெண்ணை அழைத்துப்போக அபுல்மாத்தியின் படகு கரைக்கு வந்தது. பெண்வீட்டு ஆட்களோடு நானும் ஏறிக்கொண்டேன். அண்ணனும் தம்பியும் ஏறவில்லை. மூடியைத் திறந்து மோதிரத்தை அனுப்புகிறோம் என்று பெட்டியோடு கரையில் நின்றுவிட்டார்கள். படகு நகர்ந்தது. தஹானி ஆற்றையே பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். படகு வளைவு திரும்பும்வரை அவர்கள் இருவரும் எனக்குத் தெரிந்தார்கள்.

"திரும்பிப் பார்த்தியா ஹிந்தி?" என்றாள்.

"பார்த்தேன்."

"பேசிக்கிட்டாங்களா இல்லையான்னு என்கிட்ட சொல்லாத."

அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவளுக்கே சொல்லாததை உங்களுக்கு மட்டும் எப்படிச் சொல்வது?