லைசென்ஸ் இல்லாத குரல்

என் பெயர் ஞானையன். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு நாலு கடை தள்ளி இன்வெர்ட்டர் பாட்டரி விற்கிறேன். கடையைவிட எனக்குப் பெரிது ஹாம் ரேடியோ. செல்போன் வருவதற்கு முன்பே வீட்டில் இருந்தபடி உலகத்தோடு பேசியவர்கள் நாங்கள் என்று, யாராவது காது கொடுத்தால் ஒரு மணி நேரம் பீற்றிக்கொள்வேன். சங்கத்தில் நாங்கள் பதினேழு பேர். அதில் சின்னவருக்கு வயது ஐம்பத்திரண்டு. புதிதாக ஒருவரும் வருவதில்லையே என்று மற்றவர்கள் கவலைப்பட்டார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. வருகிறவன் ஒழுங்காக வரட்டும் என்பது என் கட்சி.

ஒழுங்கு என்றால் மோர்ஸ், புள்ளியும் கோடுமாகத் தட்டிப் பேசுகிற பாஷை. அடிப்படை லைசென்ஸுக்கு அது தேவையில்லை என்று சர்க்கார் எப்போதோ சொல்லிவிட்டது. ஆனால் எங்கள் சங்கம் வழியாகப் பரீட்சைக்குப் போகிறவர் முதலில் என்னிடம் மோர்ஸ் தேற வேண்டும். அது நான் போட்ட சட்டம். நான் தலையாட்டாமல் யாருடைய விண்ணப்பமும் போகாது.

என் நண்பன் வேலாயுதனுக்குக் கல்லாறுக்கு மேலே கொஞ்சம் ரப்பரும் மிளகும் உண்டு. அவனிடம் லைசென்ஸ் இருந்தது. அவன் மனைவி சரசம்மா மூன்று தடவை என்னிடம் தோற்றாள். கடைசித் தடவை இருபத்தைந்து எழுத்தில் இருபத்தொன்று சரி. போதாது என்றேன். அவர்கள் வீட்டில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது. புருஷன் டவுனுக்கு இறங்கினால் திரும்பும்வரை ஒரு தகவலும் இல்லை. அவனோடு பேசத்தான் அவளுக்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது, வேறு ஆசை ஒன்றும் இல்லை.

போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வேலாயுதன் எழுந்தான்.

"சர்க்காரே வேண்டாம்னு விட்டத நீ மட்டும் என்னத்துக்குடே கெட்டிப் பிடிச்சிட்டு நிக்க? நாலு புது ஆளு வரட்டும்."

"உன் பெஞ்சாதிக்காக ரூல மாத்த முடியாது" என்றேன், எல்லாருக்கும் முன்னால். அவன் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். எனக்குத்தான் வீடு போன பிறகும் ஆறவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி. தினமும் அந்த நேரத்தில் நாங்கள் எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடுவோம். லைசென்ஸோடு கிடைக்கிற அடையாளத்துக்குக் கால்சைன் என்று பெயர். நான் ஒவ்வொருவருடைய கால்சைனாகக் கூப்பிடுவேன். அவரவர் பதில் சொல்வார்கள். ஒருவர் பட்டனை அமுக்கிப் பேசிக்கொண்டிருந்தால் அடுத்தவர் குரல் எடுபடாது. வெளியே நல்ல மழை. வேலாயுதனைக் கூப்பிட்டேன். வந்தது பெண் குரல்.

"ஞானையண்ணே, சரசம்மாவாக்கும் பேசுகது."

அவ்வளவு சொல்லி, என் பதிலுக்காகப் பட்டனை விட்டாள். நேற்றுக் கூட்டத்தில் ஜெயிக்காததை இன்று பெண்டாட்டி வாயால் ஜெயிக்கப் பார்க்கிறான் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. லைசென்ஸ் இல்லாதவர் பேசுவது குற்றம், யாரும் பதில் சொல்லக் கூடாது, வேலாயுதன் வெட்கப்பட வேண்டும், மோர்ஸ் தேறிவிட்டு வந்து பேசட்டும் என்று ஒன்றரை நிமிடம் விளாசினேன். நிறுத்தி நிதானமாகத்தான் பேசினேன். என் பேச்சு எனக்கே பிடித்திருந்தது.

அந்த நேரத்தில் வேலாயுதனுக்கு நெஞ்சுவலி. சரசம்மா மழையில் ரோடு வரைக்கும் ஓடி, ஒரு வண்டி பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அரை மணி முன்னால் வந்திருந்தால் ஆளைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்களாம். எங்கள் சங்கத்து ஆன்சன் அன்று காலை கல்லாறில், தன் ஜீப்பில் உட்கார்ந்து என் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அங்கிருந்து வேலாயுதன் வீட்டுக்குப் பத்து நிமிடம். சாவு வீட்டில் ஆன்சன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் சட்டத்தை நானே எடுத்துவிட்டேன். எடுத்த இரண்டு மாதத்தில் ஒன்பது பேர் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தார்கள். நாலு பேர் காலேஜ் பிள்ளைகள். சங்கத்தில் லட்டு கொடுத்தார்கள். என்னால் அதைத் தின்ன முடியவில்லை. சரசம்மா பெயரில் ஒரு விண்ணப்பத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு கல்லாறுக்கு பஸ் ஏறினேன்.

விண்ணப்பம் ஒரு சாக்கு. நான் பேசிய ஒன்றரை நிமிடமும் அவள் பட்டனை அமுக்கிக் கத்திக்கொண்டிருந்தாள், என் குரல் அதை அமுக்கிவிட்டது என்றுதான் அத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அப்படியென்றால் பாதிக் குற்றம் மெஷினுடையது. அந்த ஒரு சமாதானத்தை அவள் வாயால் கேட்டுவிட்டால் ராத்திரி கண்ணை மூடலாம் என்று போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதற்குத்தான் போனேன்.

சரசம்மா பால் விடாத கட்டன் சாயா தந்தாள். விண்ணப்பத்தைத் தொடவில்லை.

"இனி எனக்கு யாருட்ட பேசுகதுக்கு அண்ணே?"

சாயாவைக் கீழே வைத்துவிட்டு, வந்த விஷயத்தைக் கேட்டேன்.

"அன்னைக்கு நான் பேசிட்டு இருந்த நேரம், நீ இடையில கூப்பிட்டுட்டுதானே இருந்த?"

"இல்லண்ணே. ஒரு ஆளு பேசி முடிக்காம பட்டன அமுக்கப்படாதுன்னு அவிய சொல்லித் தந்திருக்காவ. மைக்கக் கையில பிடிச்சிட்டு நின்னேன்."

"நெஞ்சுவலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சரசம்மா!" என் குரல் எகிறியது. அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அப்போதும் எகிறியது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எனக்குப் பொறுக்கல்ல. அமுக்கப் போனேன். அவியதான் என் கையைப் பிடிச்சாவ. நெஞ்சப் பொத்திட்டு கட்டில்ல கிடந்து, 'அவன் கொஞ்சம் சத்தம் போடுவான், போடட்டு. முடிச்சிட்டு என்ன காரியம்னு உன்கிட்ட கேப்பான். ஞானையன் கேக்காம விடமாட்டான்'னு சொன்னாவ."

நான் விண்ணப்பத்தை எடுத்து மடித்தேன்.

"நீங்க முடிச்சிய" என்றாள் சரசம்மா. "முடிச்சிட்டு, அடுத்த ஆளக் கூப்பிட்டிய."