இரும்பு வியாபாரியின் பெஞ்சாதி

யாழ்ப்பாணத்தில் பழைய இரும்பு வாங்கி விற்கிறவன் நான். ஐந்து சந்திக்குப் பக்கத்தில் கடை. மயிலிட்டியில் துருப்பிடித்துக் கிடக்கும் நங்கூரத்திலிருந்து அச்சுவேலியில் யாரோ கழற்றிப் போட்ட தண்ணீர்ப் பம்ப் வரை என் லொறியில்தான் ஏறும். அப்படிப்பட்டவனுடைய பெஞ்சாதிக்கு உடம்பில் இரும்பு இல்லை என்று கிளினிக்கில் எழுதிக் கொடுத்தால் ஊர் சும்மா இருக்குமா? அச்சுவேலியில் வேர்க்ஷொப் வைத்திருக்கும் சுபாஸ் கேட்டான், "என்ன அம்ஜத், முழு இரும்பையும் வித்துப்போட்டு வீட்டுக்கு ஒண்டும் மிச்சம் வைக்கேல்லையோ?" நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். தொண்ணூறாம் ஆண்டு எங்கள் முஸ்லிம் சனத்தை இயக்கம் இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னபோது உம்மாவுக்கு ஆறு மாதம். வயிற்றில் இருந்தவன் நான். புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில் என்னைப் பெற்றார். இரத்தம் நிற்கவில்லை. முதலே இரத்தம் குறைவாம், அதனால் போனதைத் தாங்க உடம்பில் பலம் இருக்கவில்லை என்று வாப்பா பிறகு சொன்னார். உம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. ஒரு படம்கூட இல்லை.

ஆகவே மிட்வைஃப் உதயகலா மிஸ் நான்காம் மாதம் பெஞ்சாதி நிலூபாவின் கிளினிக் காட்டைப் பார்த்து, "இரத்தம் எட்டு தசம் இரண்டு. பிள்ளை பிறக்க முந்திப் பத்தைத் தாண்டவேணும். இல்லாட்டிப் பிள்ளைப்பேறில கொஞ்ச இரத்தம் போனாலும் ஆபத்து" என்று சொன்ன நாளோடு என் நித்திரை போய்விட்டது.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். முருங்கையிலை, ஆட்டீரல், பேரீச்சம்பழம். கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையோடு தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்று மிஸ் சொன்னதற்குத் தேயிலைப் பேணியையே கடைக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்தேன். கடைக்கு வந்த பழைய இரும்புத் தாச்சி ஒன்றைத் தேய்த்துக் கழுவி, இனிமேல் கறி இதில்தான் என்று கொடுத்தேன். நிலூபா அதிலேயே சமைத்தாள். கறி கறுப்பாக இருந்தது. நான் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பின்வளவில் தேசிமரத்தடியில் இரண்டு சிவப்புக் குளிசைகளைக் கண்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது ஊருக்கே தெரியும்.

"இது என்ன?" என்றேன்.

"மூண்டாம் மாசம் சத்தி எடுத்த நேரம் எறிஞ்சனான். அந்த ரெண்டு மட்டும்தான். பிறகு ஒருநாளும் எறியேல்லை."

"பொய் சொல்லாதை."

"ஏன் பொய் சொல்லப்போறன்? இது என்ரை பிள்ளையும்தானே."

நான் நம்பவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் முன்னால் நின்று, குளிசையை விழுங்க வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். விமான நிலையத்துச் சுங்க அதிகாரிகூட அப்படிச் சோதிக்கமாட்டான். அதுவும் போதாதென்று நாளுக்கு ஒரு குளிசை என்றிருந்ததை இரண்டு குளிசை ஆக்கினேன். யாரையும் கேட்கவில்லை. ஒரு லொறி பத்தாவிட்டால் இரண்டு லொறி அனுப்புகிறவனுக்கு வேறு என்ன யோசனை வரும்? வயிறு பிசைகிறது, மலச்சிக்கல் என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள். சாட்டுச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த கிளினிக்கில் ஏழு தசம் ஒன்பது.

கூடாமல் குறைந்திருக்கிறது. வரிசையில் இருந்த தாய்மார் எல்லாரும் கேட்கத்தக்கதாக, "எங்க ஒளிக்கிறாய் நீ? நாக்குக்குக் கீழயோ?" என்று கத்தினேன். உதயகலா மிஸ் என்னை அடக்கினா, ஆனால் அவவும் நிலூபாவின் கையைப் பிடித்து மெதுவாக, "தங்கச்சி, பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கோ. குளிசை போடுறீங்களோ?" என்றுதான் கேட்டா. அப்படி எறிகிறவர்களை அவ எத்தனை பேரைப் பார்த்திருப்பா.

"போடுறன் மிஸ்" என்றாள் நிலூபா. அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. ஆனால் குளிசை நேரத்துக்கு வந்து, நான் சொல்லாமலே விழுங்கிவிட்டு, வாயை அகலத் திறந்து காட்டிவிட்டுப் போவாள். அது எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. இருந்தும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கிளினிக்கில் இருந்த மக்டலீன் டொக்டர்தான் வேறு மாதிரி யோசித்தா. நிலூபாவைக் கட்டிலில் படுக்கவைத்து, நெஞ்சுக்குக் கீழே அழுத்திப் பார்த்து, எங்கே நோகிறது என்று கேட்டு, மலம் சோதிக்க ஒரு சின்னப் போத்தல் கொடுத்தா. காலையில் எடுத்தவுடன் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அந்தப் போத்தலைக் கறுப்புப் பொலித்தீனில் சுற்றி, மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்து, வழியில் யாரும் மறித்துக் கதைத்துவிடக் கூடாதே என்று துஆ கேட்டுக்கொண்டே போனேன்.

ஆய்வுகூட யன்னலில் இருந்த பெண் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இரும்புக் குளிசை போடுறவவோ?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நிறத்தைப் பாருங்கோ. தார் மாதிரி. ஒழுங்காப் போடுறவைக்குத்தான் இப்பிடிப் போகும். உடம்பில சேராத இரும்பு வெளியில வந்திடும்."

எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது. தள்ளி நில்லுங்கோ அண்ணை என்று யாரோ சொன்னார்கள். இத்தனை நாளாக நான் கள்ளி என்று நினைத்தவள் ஒரு நாளும் தவறாமல் விழுங்கியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தேன். குசினியில் நின்றாள். மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய் எனக்கு.

"நீ குளிசை போட்டிருக்கிறாய். நிறத்தைப் பாத்தே அங்க சொல்லிப்போட்டினம்" என்றேன்.

அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள், "நான் சொன்னா நம்பமாட்டீங்கள். மலம் சொன்னாத்தான் நம்புவீங்கள்."



சோதனை முடிவு வந்தது. இரைப்பையில் ஒரு கிருமி. எச். பைலோரி என்று பெயராம். "இது இருக்கிற வயித்தில இரும்பு சேராது" என்றா டொக்டர். "நீங்கள் எவ்வளவு குடுத்தாலும் கீழ போயிடும். கீழ குடலில எங்களுக்கு நன்மை செய்யிற கிருமியும் இருக்கு, கெடுதி செய்யிறதும் இருக்கு. சேராத இரும்பு கெட்டதுக்குத் தீனி. அது பெருக, நல்லது ஒடுங்கிப்போகும். இவவுக்கு ஏன் இவ்வளவு வயித்துக்குத்து எண்டுதான் விளங்கேல்லை. ஒரு குளிசைக்கு இப்பிடி வராதே."

நான் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு குளிசைக் கதையைச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவ பேசிய பேச்சை இங்கே எழுதமாட்டேன்.

"இந்தக் கிருமி எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"சொல்ல ஏலாது. சின்ன வயசிலயே வந்திருக்கலாம். ஒரு வீட்டில, ஒரு கோப்பையில சாப்பிடுற ஆக்களுக்குள்ள பரவும். உங்களுக்கு நெஞ்செரிவு ஏதும் இருக்கோ?"

பத்து வருடமாக என் சேர்ட் பொக்கற்றில் நெஞ்செரிவுக் குளிசை இல்லாத நாள் கிடையாது. கலியாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே சஹன் தட்டில்தான் சோறு போட்டுச் சாப்பிடுகிறோம். என்னையும் சோதித்தார்கள். எனக்கும் அதே கிருமி. என்னிடமிருந்து அவளுக்குப் போனதா, அவளிடமிருந்து எனக்கு வந்ததா, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனால் சத்தம் போட்டவன் நான்.

"வயித்தில பிள்ளையோட இருக்கேக்கை இதுக்கு மருந்து குடுக்கிறதைப் பிறகுக்குத் தள்ளுறதுதான் வழமை" என்றா டொக்டர். "ஆனா இவவின்ரை இரத்தம் இருக்கிற நிலையில தள்ள ஏலாது."

பதினான்கு நாள் மருந்து. இரண்டு பேரும் ஒன்றாகப் போட்டோம். வாய் முழுவதும் கசப்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தது அந்த நாட்களில்தான், அதுவும் அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு டொக்டர் சொன்னபடி ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரேயொரு இரும்புக் குளிசை, தேசிக்காய்த் தண்ணியோடு. மத்தியானத்தில் குடலின் நல்ல கிருமிக்கென்று தயிர். நான் முன்னால் நிற்கவில்லை. எப்போது போடுகிறாள் என்றுகூடப் பார்ப்பதில்லை. உண்மையைச் சொன்னால், பார்க்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

எட்டு தசம் ஏழு. அடுத்த மாதம் ஒன்பது தசம் ஆறு. முப்பத்தாறாம் கிழமை பத்து தசம் எட்டு. உதயகலா மிஸ் அதைக் கிளினிக் காட்டில் எழுதிவிட்டுப் பேனையை வைத்தா. "தங்கச்சி, அண்டைக்கு நானும் உங்களை நம்பேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றா. நிலூபாவின் கண் கலங்கியது. எனக்கும்தான், ஆனால் தூசி விழுந்த மாதிரிக் கசக்கிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிகிற நேரம் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே நின்ற என்னிடம் தாதி வந்து, "பொம்பிளைப் பிள்ளை" என்றாள்.

"தாய்க்கு இரத்தம் நிண்டிட்டுதோ?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிள்ளை என்ன நிறை என்றல்லவா எல்லாரும் கேட்பார்கள். "கொஞ்சம் கூடத்தான் போனது. இப்ப நிண்டிட்டுது. தாங்கிற அளவுக்கு அவவிட்டை இருந்தது. இரத்தம் ஏத்தவும் தேவைப்படேல்லை."

பக்கத்தில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து நான் அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று சத்தமாக அழுதேன். முப்பத்துநாலு வயதில் முதல் தடவையாக என் உம்மாவுக்காக அழுதேன்.

உள்ளே விட்டபோது மகள் நிலூபாவின் நெஞ்சில் கிடந்தாள். தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலூபாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஒரு கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"சரியா நோகுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை. ஒண்டும் நோகேல்லை."

பச்சைப் பொய். எனக்குத் தெரிந்து அவள் என்னிடம் சொன்ன முதல் பொய்.

"ஓம், நம்புறன்" என்றேன்.