படகில் பிறக்காதவள்

1

இந்தக் கதையை ஆசைப்பட்டு எழுதவில்லை. செய்த தப்பை எங்கேயாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? சொல்ல வேண்டிய அலுவலகத்தில் சொன்னேன், எடுபடவில்லை. அதனால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

என் பெயர் ஹாஜா நஜ்முதீன். அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சவூதியில், தம்மாமில் பதினாறு வருடம் இருந்துவிட்டு வந்து போட்ட கடை. வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். கதையும் எழுதுவேன்; ஏழெட்டு சிறுபத்திரிகைகளில் வந்திருக்கிறது. [இரண்டையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதியதுதான் வினை.]

2

தொடக்கம், முதல் வரைவு: ‘திருச்சுழி ரோட்டில், சீமைக்கருவேலங் காட்டுக்குப் பின்னால், கண்ணீர்த் துளிகளாய் வரிசை கட்டி நின்றன அகதி முகாமின் வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு—’

வேண்டாம். அவை ஆஸ்பெஸ்டாஸ் போட்ட பத்துக்குப் பத்து வீடுகள். சில வீட்டு வாசலில் பெயிண்ட் வாளி இருக்கும், ஆண்கள் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள். அவ்வளவுதான்.

இரண்டாம் வரைவு: ‘“அண்ணை, எனக்கொரு கடதாசி எழுதித் தாங்கோ” என்று யோகமலர்—’

இதுவும் பொய். அப்படிப் பேசியவர் யோகமலரின் அம்மா. யோகமலர் பிறந்தது, வளர்ந்தது, கட்டிக் கொடுத்தது எல்லாம் தமிழ்நாட்டில்தான். அவள் கடைக்கு வந்து சொன்னது இது: “பாய், ஒரு மனு எழுதணும். நீங்க நல்லா எழுதுவீகன்னாக.”

இலங்கை அகதி என்றால் நீங்கள் ஒரு தமிழை எதிர்பார்ப்பீர்களே என்று அவள் வாயில் அதைத் திணிக்கப் பார்த்தேன். இதே புத்திதான் மனுவிலும் வேலை செய்தது.

3

விஷயம் சின்னதுதான். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் இந்தியர்கள். யோகமலர் பிறந்தது 1986 மார்ச்சில், மண்டபம் முகாமில். தலைமன்னாரிலிருந்து அவள் அம்மா நிறைமாதமாக வந்து இறங்கிய மூன்றாம் நாள். கூட வந்த பெண்கள் பார்த்த பிரசவம். வந்த அலைச்சலில் யாரும் பிறப்பைப் பதியப் போகவில்லை.

இப்படி ஒரு சட்டம் இருப்பதே அவளுக்கு முப்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதுவரை மாதாமாதம் அதிகாரி வந்து பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது, வேலை வெட்டியை விட்டுவிட்டு வரிசையில் நின்றாள். நிற்காவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் அங்கே எல்லோருக்கும் உண்டு.

அவள் மகள் துஷ்யந்தி நர்சிங் முடித்துவிட்டாள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. தாய்க்குக் குடியுரிமை கிடைத்தால் மகளுக்கும் வழி உண்டு என்று வக்கீல் சொல்லியிருந்தார். மண்டபத்தில் பிறந்ததற்குச் சாட்சி அம்மாதான். அவர் போன வருடம் இறந்துவிட்டார். ஆக, மிச்சம் இருந்தது இந்த மனு.

[தம்மாமில் என் பாஸ்போர்ட்டை முதலாளி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். பதினாறு வருடமும் அந்த ஆளைத் திட்டினேன். பிடுங்கி வைத்துக்கொள்ளக்கூட யோகமலரிடம் எதுவும் இருந்ததில்லை.]

4

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கலாம். “பகல்லதான் வந்து எறங்குனாகளாம். அம்மா வழியெல்லாம் வாந்தியாம். மூணாம் நாளு நான் பொறந்தேன்.”

எனக்குப் போதவில்லை. வாந்தியைப் படித்து எந்த அதிகாரி மனமிரங்குவார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து இப்படி எழுதினேன்:

‘குண்டு மழைக்குத் தப்பி வந்த நள்ளிரவில், அலைகள் ஆட்டிய படகிலேயே என் தாய் என்னை ஈன்றெடுத்தார். கண் திறக்காத என்னை இந்திய மண் தன் மடியில் வாங்கிக்கொண்டது.’

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. எழுத்தாளன் தன் எழுத்துக்குத் தானே கண் கலங்கினால், பக்கத்தில் இருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். யோகமலர் இரண்டு முறை படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.*

* ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். “பாத்தேன் பாய். சட்டத்துக்கு இப்பிடித்தான் எழுதணும் போலன்னு நெனச்சேன். முகாம்ல போடச் சொன்ன எடத்துல போட்டுத்தான பழக்கம். எதுக்குன்னு கேட்டதில்ல.”

5

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். அதிகாரி கெட்டவர் இல்லை. அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு மனுவை அவள் பக்கம் திருப்பினார்.

“படகுலயே பொறந்ததா நீங்கதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. இந்திய மண்ணுல பொறந்தேன்னு எப்படிம்மா சொல்றீங்க?”

யோகமலர் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரித்து ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

“சார், அது நான் சேத்தது” என்றேன். “அந்தப் பிள்ளை அப்படிச் சொல்லல.”

“நீங்க யாரு?”

“மனு எழுதுனவன். கதையும் எழுதுவேன்.”

அவர் மனுவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “அப்ப மண்டபத்துல பொறந்தாங்கங்கிறது மட்டும் நீங்க சேத்ததில்லன்னு எப்படிங்க நான் நம்புறது?”

நியாயமான கேள்வி.

வீட்டில் என் மனைவி பல்கீஸிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “ஒரு பொம்பள எங்க பிள்ள பெத்தாளோ அங்கயே பெத்ததா எழுத ஒங்களுக்கு மனசு வரலையா? என்னத்த எழுத்து?” என்றாள்.

6

முடிவுகள்.

அ) பிரசவம் பார்த்த பெண்களில் ஒருவர் உயிரோடு கிடைக்கிறார். [தேடினேன். நான்கு முகாம்களில் விசாரித்தேன். இலங்கைக்கே திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.]

ஆ) அதிகாரி மனம் மாறி ஒரு குறிப்பு எழுதுகிறார், துஷ்யந்தி வெள்ளை உடையில்— [படிக்க நன்றாக இருக்கும். படிக்க நன்றாக எழுதித்தான் இந்த நிலைமை.]

இ) யோகமலர் மனமுடைந்து— [எழுத மாட்டேன்.]

நடந்தது: செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. நிராகரிப்பு. ‘மனுதாரரின் சொந்த வாக்குமூலத்தின்படி’ என்று காரணம் போட்டிருந்தது. அந்த வாக்குமூலம் என் வாக்கியம். மேல்முறையீடு செய்யலாம் என்று வக்கீல் சொல்கிறார். கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. அந்த மாதமும் தாயும் மகளும் பதிவேட்டுக்கு முன்னால் போய் நின்றார்கள்.

நடந்ததையெல்லாம் கதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று யோகமலரிடம் சொன்னேன்.

“இன்னுமா எழுதுறீக?” என்றாள். முதல்முறையாக என்மேல் கோபப்பட்டாள். அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு சொன்னாள்: “சரி, எழுதுங்க. ஆனா இதுலயாவது எங்கம்மாவக் கரையில எறக்கி விட்டுருங்க பாய். அதுக்கப்புறம் பெக்கட்டும்.”

7

1986 மார்ச். பகல். படகு வந்து நின்றது. யோகமலரின் அம்மா கரையில் இறங்கினார். வழியெல்லாம் வாந்தி எடுத்திருந்தார். மண்டபம் முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். மூன்றாம் நாள் வலி வந்தது. பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க— [சேலை என்று அவள் சொன்னாளா? இல்லை. அடித்துவிட்டேன்.] பெண் குழந்தை பிறந்தது.

இதில் நான் சேர்த்தது ஒன்றும் இல்லை. ஆனால் கதை என்று சொல்லித்தான் உங்களிடம் கொடுத்திருக்கிறேன்.

மேல்முறையீட்டுக்கான காகிதத்தையும் எழுதிவிட்டேன், முக்கால் பக்கம். யோகமலர் இப்போது கடையில் என் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். படித்துவிட்டாள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேனா கையில் இருக்கிறது.

“இத நம்புவாகளா பாய்?” என்று கேட்கிறாள்.

நான் சொன்னால் செல்லாது. நீங்கள் சொல்லுங்கள்.